கேளக்காவின் கடைசிப் பன்னிரண்டு நாட்கள்

கீழத்தோணி இடைத்தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும். தெரிவித்தவள் நளாயினி.

கிண்டியில் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் அவளுக்கு வேலை. வாசல் பலகையில் 'புள்ளியியல் துணைப் பிரிவு' என்று எழுதியிருக்கும். உள்ளே இருந்த இருபது பேரும் புள்ளியியல் எதையும் செய்யவில்லை. நம் தேர்தல்களில் வெளிநாட்டுக் கை எங்கே நீள்கிறது என்று கண்காணிப்பதுதான் அவர்கள் வேலை.

அந்த வருடம் அவள் கண்ணில் பட்டது 'கேளக்கா'. அது ஓர் இலவசத் தொலைபேசி எண். எந்தப் பழைய போனிலிருந்தும் கூப்பிடலாம். மழை வருமா, ரேஷன் கடை திறந்திருக்கிறதா, குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் எந்த மாத்திரை, எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எதைக் கேட்டாலும் ஒரு பெண் குரல் அந்தக் கரையோரப் பேச்சிலேயே பொறுமையாகப் பதில் சொல்லும். குரல் இயந்திரத்துடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ தொண்டு நிறுவனம் நடத்துகிறது என்று நம்பினார்கள். நான்கு வருடத்தில் கீழத்தோணித் தொகுதியில் மட்டும் நாற்பத்தோராயிரம் பேர் தினமும் அதனுடன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குரல் கடல் தாண்டி வேறொரு நாட்டின் உளவுத்துறையிலிருந்து வருகிறது என்பதை நளாயினி ஏழு வாரம் தேடிக் கண்டுபிடித்தாள். ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தாள். கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தாள்: 'இதுவரை இக்குரல் அரசியல் பேசவில்லை. நம்பிக்கையைச் சேர்த்து வருகிறது. கடைசி வாரத்தில் பேசத் தொடங்கும். உடனே இணைப்பைத் துண்டித்து மக்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.'

அவளுடைய இயக்குநர் வைரவமூர்த்தி அறிக்கையை நின்றுகொண்டே படித்தார். ஐம்பத்தாறு வயது, அதிர்ந்து பேசாத மனிதர்.

"நல்ல வேலை பண்ணியிருக்கே. மேலே பேசறேன். இனிமே இந்த விஷயம் உன்கிட்ட இல்லை. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

மறுநாளே கேளக்காவின் இணைப்பைப் பார்க்கும் அனுமதி அவளுக்கு இல்லாமல் போயிற்று. இரண்டு முறை கேட்டாள். "மேலிடத்துல பாக்கறாங்க" என்றார். அவளும் பேசாமல் இருந்தாள். அரசு ரகசியத்தை வெளியிட்டால் பதினான்கு வருடம் சிறை.

இருபத்தொன்றாம் தேதி வாக்குப்பதிவு. ஆளுங்கட்சி வேட்பாளர், அமைச்சர் ஒருவரின் மாப்பிள்ளை, ஆறாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார்.

முடிவு வந்த மறுநாள் காலை நளாயினியின் அறிக்கை எல்லாப் பத்திரிகைகளிலும் இருந்தது. அவள் கொடுத்த தேதியும் கடைசிப் பத்தியும் மட்டும் இல்லை. வாக்குப்பதிவுக்குப் பிறகுதான் தெரியவந்தது என்று போட்டிருந்தார்கள். கூடவே அரசு, 'தூய வாக்குச் சட்ட'த்தின்படி நடவடிக்கை எடுக்கப்போவதாகச் செய்தி.

அந்தச் சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்காகவே ஆறாவது மாடியில் சாய்வுமானி என்றொரு மென்பொருளை உருவாக்கியிருந்தார்கள். அதன் பெரும்பகுதியை எழுதியவள் நளாயினி. ஒரு மனிதர் தேர்தலுக்கு முன் எவ்வளவு தூரம் மனம் மாறினார் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் தரும். முப்பதைத் தாண்டினால் சாய்ந்தவர். சாய்ந்தவர்களின் பெயரை நீக்கிவிட்டு மறுவாக்குப்பதிவு நடத்தலாம் என்றது சட்டம். கேளக்காவுடன் பேசியவர்களில் பத்தொன்பதாயிரம் பேர் முப்பதைத் தாண்டியிருந்தார்கள்.

அந்தச் சட்டத்தின்படி பெயர்களை நீக்க வேண்டிய தீர்ப்பாயம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தது. அறுபது பேரையாவது ஓர் அதிகாரி நேரில் பார்த்து, கணக்கு சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். வைரவமூர்த்தி நளாயினியை அனுப்பினார்.

கீழத்தோணியில் அவள் இறங்கியபோது பள்ளிக்கூடச் சுவரில் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. ஊரில் 'சாஞ்சவுக' என்பது அதற்குள் வசவாகிவிட்டிருந்தது. ஓர் ஆசிரியையை வகுப்பெடுக்க வேண்டாம் என்று பெற்றோர் தடுத்திருந்தார்கள். நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றுபோயிருந்தது. நளாயினிக்குக் கதவு திறந்தவர்கள் குறைவு. ஒரு வீட்டில் அவளைப் பேசவிட்டு, முடிந்ததும் அவள் நின்ற இடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு உப்பளத்துக்குப் போனாள். பட்டியலில் அடுத்த பெயர் முத்துப்பேச்சி, வயது ஐம்பத்திரண்டு, உப்பளத் தொழிலாளி. சாய்வு எழுபத்தொன்று.

விடியுமுன் தொடங்கிய வேலை முடிகிற நேரம். பெண்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. முத்துப்பேச்சி முழங்கால் வரை ரப்பர் காலுறையோடு வரப்பில் ஏறி வந்தாள்.

"நீங்கதான் லிஸ்டு போட்ட மேடமா?"

"லிஸ்டு போட்டது நான் இல்லீங்கம்மா. அது சரியான்னு பாக்க வந்திருக்கேன்." நளாயினி ஈரோட்டுக்காரி. வருடக்கணக்காகச் சென்னையில் இருந்தும் பேச்சில் ஊர் போகவில்லை.

"அப்போ ஒங்க மெஷினுக்கே சந்தேகமோ? அது எப்படி எம் மனச அளக்கும்? சொல்லுங்க, கேப்போம்."

"இங்க தண்ணியில உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்குன்னு பாக்கறீங்கல்லீங்க, அது மாதிரிதான். நீங்க கேளக்காகிட்ட பேசினது, பார்த்த வீடியோ, போன்ல வீட்டுக்காரங்ககிட்ட பேசினது, எல்லாத்தையும் வெச்சு, ஒண்ணாந்தேதி உங்க மனசு எந்தப் பக்கம் இருந்துச்சு, ஓட்டுப் போட்ட அன்னைக்கு எந்தப் பக்கம்னு..."

"எம் மககிட்ட பேசுனதுமா?"

நளாயினி தலையசைத்தாள்.

முத்துப்பேச்சி வரப்பில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். உள்ளே பாதம் வெளுத்து வெடித்திருந்தது. "ஒங்க மெஷினு சொன்னது சரிதான். நான் மாறுனேன். மாசப் பொறப்புல அந்த மந்திரி மாப்பிளைக்குத்தான் போடணும்னு இருந்தேன். கடைசியில மாத்திக் குத்துனேன். ஏன்னு கேக்க மாட்டியளோ?"

"ஏங்கம்மா?"

"கேளக்கா அவனுக்குப் போடுன்னு சொன்னா. அதான்."

நளாயினிக்குப் புரியவில்லை. "அவருக்குப் போடச் சொல்லுச்சா? எதிர்க்கட்சிக்கு இல்லீங்களா?"

"எனக்குக் காது கேக்கும் மேடம். பத்தாந்தேதி, செவ்வாக்கெழம. எங்க தெருக் கோயில்ல கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டுன அன்னைக்கு. அதுவரைக்கும் நாந்தான் போன் போடுவேன். நான் கேப்பேன், அவ சொல்லுவா, 'மதினி'ம்பா. அன்னைக்கு அவளே போன் போடுதா. கொரலு அதே கொரலு. 'மதினி, ஒங்க விதவப் பென்ஷன் மனு நிக்கில்லா, நம்ம ஆளு ஜெயிச்சா ஒரே வாரத்துல முடிஞ்சிரும்'ங்கா. மனு நம்பரச் சொல்லுதா! அந்த மனுவப் பத்தி நான் அவகிட்ட மூச்சு விட்டதே கெடையாது. தாலுகாபீசுல குடுத்ததோட சரி."

"தினமும் கூப்பிட்டுச்சுங்களா?"

"ஓட்டு முடியுற வரைக்கும். எம் மக பிரசவத்துக்கு எந்த ஆசுத்திரியில டாக்டர் இருக்காருன்னு பாத்துச் சொன்ன கொரலு அது. அது வந்து எங்கிட்ட பென்ஷனக் காட்டி ஓட்டு கேக்கவும் ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. யாரோ கேளக்காவக் கொன்னுட்டு அவ சேலையக் கட்டிட்டு வந்து நிக்க மாதிரி இருந்துச்சு. அந்தக் கோவத்துல மாத்திக் குத்துனேன். இங்க நிக்கவுகள்ல பாதிப் பேரு அப்படித்தான். வேணும்னா கேட்டுக்கோங்க."

நளாயினி கேட்டாள். ஏழு பேரிடம் கேட்டாள். ஏழு பேரும் அதே செவ்வாய்க்கிழமையைச் சொன்னார்கள். ஒருத்திக்கு வீட்டுமனைப் பட்டா, ஒருத்திக்கு மகனின் சாதிச் சான்றிதழ். எல்லாம் அரசாங்க அலுவலகங்களில் மட்டும் இருந்த விவரங்கள்.

நேரில் விசாரிக்கும் அதிகாரி என்ற முறையில், அந்த அறுபது பேரின் அழைப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை இருந்தது. அன்று மத்தியானமே தொலைபேசி அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்பதாம் தேதி வரை அழைப்புகள் கடல் தாண்டிப் போயின. பத்தாம் தேதியிலிருந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை. எல்லாம் சென்னையிலிருந்து வந்திருந்தன. கிண்டியிலிருந்து. முகவரியைப் பார்த்தாள். அவள் தினமும் லிஃப்டில் ஏறுகிற அதே கட்டடம், இரண்டாவது மாடி.

சென்னைக்குத் திரும்பி அவள் கேட்டபோது வைரவமூர்த்தி மறுக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார், அவ்வளவுதான்.

"அணைச்சிருந்தா, நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அந்த நாட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும். விட்டிருந்தா அவன் பேசியிருப்பான். அதனால அவனுக்குச் சந்தேகம் வராம நடுவுல எடுத்துக்கிட்டோம். நாலு வருஷமா அவன் சேர்த்து வெச்ச நம்பிக்கை. அதை எதுக்கு வீணாக்கணும்?"

"எடுத்துக்கிட்டோம்னா யாருங்க சார்? அரசாங்கமா, கட்சியா?"

"அது உன் வேலை இல்லை."

"வெளிநாட்டுக்காரன் ஒரு வார்த்தைகூட அரசியல் பேசலீங்க. பேசினது நாம. அந்தப் பேச்சு பிடிக்காமத்தான் ஜனங்க மாத்திப் போட்டிருக்காங்க. நம்மாலதான் சாஞ்சிருக்காங்க, நமக்கு எதிராவே."

"சட்டத்துல என்ன இருக்கு? 'வெளிநாட்டு அமைப்பு உருவாக்கிய கருவியின் வழியே மனம் மாறியவர்.' கருவி அவன் உருவாக்கினது. மனசு மாறியிருக்கு. யார் சாய்ச்சாங்கன்னு சாய்வுமானி சொல்லுமா? சொல்லாது. நீ எழுதினதுதானே, உனக்குத் தெரியாதா?"

சரிபார்ப்புப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். நளாயினி அதைத் தொடவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்து வேற ஆளு போடுவாங்க. நீ அடையாள அட்டையைக் கீழே கொடுத்துட்டுப் போ. பதினாலு வருஷம்கறதை மட்டும் மறந்துடாதே."

வேறோர் அதிகாரி கையெழுத்துப் போட்டார்; அதற்கு ஐந்தாம் நாள் தீர்ப்பாயம் பத்தொன்பதாயிரம் பெயர்களை நீக்கியது. பதினைந்து நாளில் மறுவாக்குப்பதிவு. வேளச்சேரியில் தன் வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியை மூன்று தடவை பார்த்தாள் நளாயினி. பயமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ரயிலேறினாள்.

உப்பளத்தில் அன்று அறுபத்து நான்கு பெண்கள் இருந்தார்கள். உப்புக் குவியலின் ஓரம் நிழலில் ஒதுங்கியிருந்தவர்கள் முன்னால் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கை கொடுத்த நாள், இரண்டாவது மாடி, வைரவமூர்த்தி பேசியது.

முத்துப்பேச்சி குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு கேட்டாள்: "கேளக்கா வெளியூர்க்காரின்னு ஒனக்கு ஒம்பதாந்தேதியே தெரியும்?"

"தெரியும்ங்க."

"பன்னெண்டு நாளு வாயப் பொத்திட்டு இருந்திருக்க."

"ஜெயிலுக்குப் பயந்துட்டேங்க."

"எம் பேரச் செவத்துல ஒட்டுனானே, எனக்குப் பயம் இருக்காதோ? ஒட்டுனதுக்கு அப்புறம் எங்க மேஸ்திரி என்னைய நாலு நாளு பாத்தியில எறங்க விடல. கேளக்காவ விட்டவன் எதுக்கு என்னைய ஏமாத்துனான்னு எனக்குத் தெரியும், அவன் வேத்து நாட்டான். நீ எதுக்குட்டி ஏமாத்துன?"

யாரோ பின்னாலிருந்து, "இவளையும் எவன் அனுப்புனானோ" என்றார்கள். இரண்டு மூன்று பேர் எழுந்து போகப் பார்த்தார்கள்.

"இருங்கட்டி," என்றாள் முத்துப்பேச்சி. "கேளக்காவுக்கு மொகம் இல்ல. இவ வெயில்ல நிக்கா, வேர்க்குது, தெரியுதுல்லா. சந்தனமாரி, ஒம் போனக் கொண்டா." நளாயினி பக்கம் திரும்பினாள். "சொன்னத அப்படியே இன்னொருக்கச் சொல்லு. பேரு, அப்பன் பேரு, எங்க வேல, எல்லாம் சேத்து. பயந்ததையும் சொல்லு. அத விட்டுராத."

சந்தனமாரி என்ற இளம்பெண் போனைப் பிடித்தாள். பதினோரு நிமிடம். நடுவில் ஒரு கிழவி நளாயினியைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அதுவும் பதிவாயிற்று. முடிந்ததும் அவளுக்கு யாரும் குடிக்கத் தண்ணீர் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் அந்தக் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. கீழத்தோணி பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜில் கதவைத் தாழிடாமல் நளாயினி காத்திருந்தாள். போலீஸ் வரும் என்று மாற்றுத் துணியைப் பையில் மடித்து வைத்திருந்தாள்.

வந்தது அரசின் அறிக்கை. 'காணொளியில் உள்ள பெண் உண்மையானவர் அல்ல. கேளக்காவை உருவாக்கிய அதே நாடு தயாரித்த போலி உருவம். நளாயினி என்ற பெயரில் எங்கள் பிரிவில் எவரும் எக்காலத்திலும் பணிபுரிந்ததில்லை. காணொளியைப் பகிர்வோரின் சாய்வு அளக்கப்படும்.'

அலுவலகத்தில் தெரிந்த எண்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டாள். எடுத்தவர்கள் குரலைக் கேட்டதும் வைத்தார்கள். அண்ணன் மட்டும் ஈரோட்டிலிருந்து அவனாகவே கூப்பிட்டான்.

"நீ நெசமாலுமே நளாயினிதானா?"

"அண்ணா, நாந்தான்."

"சின்ன வயசுல நம்ம தோட்டத்துக் கிணத்துல விழுந்தது யாரு?"

"நீதான். நான்தான் ஓடிப் போயி சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்."

"இத நாம போன்ல பேசியிருக்கோம் கண்ணு. அந்த நாட்டுக்காரனுங்களும் கேட்டிருப்பானுங்க," என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்தது. இணைப்பைத் துண்டித்தான்.

அதற்குப் பிறகுதான் நளாயினிக்கு விளங்கியது. அவளைக் கைது செய்ய யாரும் வரமாட்டார்கள். கைது செய்தால் அவள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். அவள் இருந்தால் அவள் சொன்னதும் இருக்கும்.

மறுநாள் காலை, வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கையில், பையை எடுத்துக்கொண்டு கீழத்தோணிக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். இன்ஸ்பெக்டர் கோமதிசங்கர் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

"அரசு ரகசியத்தை வெளியிட்டிருக்கேன் சார். அரெஸ்ட் பண்ணுங்க."

"எந்த ரகசியம்? நடந்திருந்தால்லா ரகசியம். நடக்கவே இல்லைன்னு அரசாங்கம் சொல்லிட்டு."

"அப்ப பொய் பரப்பினேன்னு பிடிங்க."

"பரப்புனவன் வேற நாட்டுல இருக்கான். அங்க போயி பிடிக்க எனக்கு ஜீப்பு இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாருங்கம்மா. அந்த வீடியோவுல இருக்கவுக மாதிரி நீங்க இருக்கிய, அவ்வளவுதான். இல்லாத ஆள எந்த செக்சன்ல உள்ள வைக்க? ஊருக்குப் போய்ச் சேருங்க."

"போகலீங்க" என்று நளாயினி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் போகச் சொன்னார். பிறகு அதட்டினார். ஒரு பெண் காவலரை விட்டு இழுத்து வெளியே விடலாமா என்று யோசித்தார். தொட்டுத் தூக்கினால் அதற்கும் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

அவள் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் செய்தி உப்பளம் வரை போய்ச் சேரப் பதினோரு மணி ஆயிற்று. வாசலில் மூன்று லோடு ஆட்டோக்கள் வந்து நின்றன. உப்பளத்துப் பெண்கள் காலுறையோடு இறங்கினார்கள். நிலையத்துத் தரையெல்லாம் உப்பும் சேறும் ஆயிற்று. எழுத்தர் எழுந்து, "யாரும்மா நீங்கல்லாம், வெளிய நில்லுங்க" என்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

முத்துப்பேச்சி நேராக இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போனாள். "இவள ஏன் இன்னும் உள்ள வைக்கல?"

"யார?"

"அந்தா உக்காந்திருக்காளே, அவளத்தான். பன்னெண்டு நாளு தெரிஞ்சுக்கிட்டே எங்கள ஏமாத்துனவ. எங்க முன்னால நின்னு அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா. புகார் குடுக்க வந்திருக்கோம். எழுதுங்க."

"ஏம்மா, அந்த வீடியோவே போலின்னு..."

"வீடியோவ யாரு சொன்னா? நான் நேர்ல பாத்தேன். இவ பாத்தா. இந்தா இவ பாத்தா. அறுவத்தி நாலு பேரு. நாங்களும் போலியா?"

பின்னால் நின்ற பெண்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். "பிடிச்சு உள்ள போடுங்க அவள!" "எங்க ஓட்டப் பறிச்சவளாக்கும்!" அதில் நடிப்பு எதுவும் இல்லை. சிலர் முகத்தில் நிஜமான வெறுப்பு இருந்தது. நளாயினி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வந்தது.

முத்துப்பேச்சி பெஞ்சுக்கு வந்து அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போய் மேசை முன்னால் நிறுத்தினாள். உப்பு அரித்த கை. பிடி வலித்தது. நளாயினி கையை விடுவிக்கப் பார்க்கவில்லை.

"ஐயா," என்றார் எழுத்தர் மெதுவாக. "புகார எடுத்தா, எதிராளி என்ன வேலைங்கிற எடத்துல என்னத்த எழுத?"

மேசை மேலிருந்த தொலைபேசி அடித்தது. அடித்து நின்று மறுபடியும் அடித்தது. கோமதிசங்கர் அதைப் பார்த்தார். வாசல் வரை நிறைந்து நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்களில் யாரோ போனை உயர்த்திப் பிடித்திருந்ததையும் பார்த்தார். பிறகு தொலைபேசியின் ரிசீவரை எடுத்து மேசை மேல் கவிழ்த்து வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"ஒம் பேரு சொல்லும்மா," என்றார் நளாயினியிடம்.